கிள்ளான் அங்கிளின் ஜெர்மன் காடி

எனக்குப் பயம் கொஞ்சம் அதிகம். (பெண் பார்க்கப் போன அன்று அதற்கு 'முன்ஜாக்கிரதை' என்று பெயர் வைத்திருந்தோம். மலரும் நம்பிவிட்டாள்.) லிஃப்டில் ஏறியதும் எத்தனை கிலோ தாங்கும் என்று படித்துவிட்டு, உள்ளே நிற்பவர்களை ஒவ்வொருவராக மனதுக்குள் எடை போடுகிற ஆள் நான். அப்படிப்பட்டவன் பழைய கார் வாங்கப் போகவே கூடாது. போனேன்.

மலருக்கு அப்போது எட்டாவது மாதம். எங்களுடைய சின்னக் கார் ஒரு மழை நாளில், பங்சார் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் சறுக்கி, ஒரு லோரியின் முதுகில் மோதாமல் மயிரிழையில் நின்றது. அன்றே முடிவு செய்துவிட்டேன். பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருவது ஒரு பாதுகாப்பான வண்டியில்தான். பாதுகாப்பு என்றால் ஜெர்மன் கார்தான்; புதுசு நமக்குக் கட்டுப்படியாகாது. பழையதுதான் கதி.

யூடியூபில் பாடம் படிக்க ஆரம்பித்தேன். படித்ததெல்லாம் பீதி. ஊருக்குள் புகுந்த பெரிய வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைக் கழுவி, வாசனை அடித்து, ஒன்றும் நடக்காததுபோல் விற்றுவிடுவார்களாம். பஞ்சிர் என்றால் வெள்ளம், காடி என்றால் கார்; பஞ்சிர் காடி என்று எங்கள் பக்கம் பெயர். சில மாதம் ஒழுங்காக ஓடும். பிறகு ஒரு நாள் உள்ளே வயர் அரித்துப்போய், ஹைவேயில் அப்படியே செத்து நிற்கும். தீப்பிடித்தாலும் பிடிக்கும். இதைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் மலர், மடியில் குழந்தை, சுற்றிலும் புகை.

இந்த நிலையில்தான் நானும் மலரும் கிள்ளானில் ராமையா அங்கிளின் ஜெர்மன் காரைப் பார்க்கப் போனோம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மெல்பர்னில் இருக்கும் மகளோடு தங்கப் போவதால் காரை விற்கிறார். வண்டி வாங்கிய நாளிலிருந்து செய்த சர்வீஸ் எல்லாவற்றையும் தடியான ஒரு ஃபைலில் போட்டு வைத்திருந்தார்.

"பாருங்க தம்பி, ஒரு சர்வீஸ்கூட உட்டதில்ல," என்றார்.

இவ்வளவு ஒழுங்காக ஒரு மனிதன் இருப்பானா? எனக்குச் சந்தேகம் வலுத்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு காரின் அடியில் படுத்தேன். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கோடு தேடினேன். பிறகு பின்சீட்டில் மண்டி போட்டு, கீழே கிடந்த விரிப்பை மோந்து பார்த்தேன். (அங்கிளின் பூனை கொஞ்ச நேரம் என்னைத் தன் இனம் என்றே நினைத்தது.) புளித்த வாடை அடித்தது.

"அங்கிள், இது பஞ்சிர்ல மாட்டுன காடியா?"

அங்கிளும் குனிந்து மோந்து பார்த்தார். "அது பால் வாடை தம்பி. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் பால்குடம் கொண்டு போனோம். வளைவுல குடம் சாஞ்சிருச்சி. என்ன கழுவியும் போவல லா."

அடப்பாவி, பொய்க்கு முருகனையே சாட்சிக்கு இழுக்கிறாரே என்று நினைத்தேன். சுபாங் ஜெயாவில் கார்களைச் சோதித்துச் சொல்லும் இடம் ஒன்று இருந்தது. அங்கே கொண்டு போகலாமா என்று கேட்டேன். மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். "தாராளமா போலாம். இருங்க, ஒரு சாமான் எடுத்துக்கிறேன்," என்று உள்ளே போனார். நான் பானெட்டுக்குள் தலையை விட்டு நின்றேன்.

நான் ஓட்டினேன். பக்கத்தில் அங்கிள், அவருக்குப் பின்னால் மலர். ஃபைல் என் மடியில். கிள்ளானில் ஜாம், மெதுவாகவே ஊர்ந்தோம். ஃபெடரல் ஹைவேயில் பாதை விட்டதும் வேகம் கூட்டினேன். அவ்வளவுதான். டிங், டிங், டிங் என்று வண்டி கத்தத் தொடங்கியது. முன்னால் சிவப்பாக ஏதோ எரிந்தது. என்ன விளக்கு என்று யார் பார்த்தது? சத்தம் ஏறிக்கொண்டே போனது. வயர் அரித்துவிட்டது, இன்னும் சில வினாடிதான் என்று மனசு அடித்துச் சொன்னது.

எப்படியோ ஓரத்தில் நிறுத்தினேன். அடுத்து எனக்கு நினைவு வந்தபோது, இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம், புல் மேட்டின் உச்சியில் நின்றிருந்தேன். சர்வீஸ் ஃபைலைக் கைக்குழந்தைபோல் மார்போடு அணைத்திருந்தேன்.

மலர் காரில் இருந்தாள். அவளுடைய கதவைத் தாண்டித்தான் நான் ஓடியிருக்கிறேன்.

ஜன்னல் மெதுவாக இறங்கியது. "எங்கங்க போறீங்க?" என்றாள்.

"மலர், எறங்கு. தீப்பிடிக்கப் போவுது." மேட்டின் உச்சியிலிருந்தே கத்தினேன்.

அங்கிள் திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தார். "அம்மா, அந்த மூட்டைக்கு பெல்ட் போட்டு உடு," என்றார்.

மலர் பக்கத்தில் இருந்த சாக்கு மூட்டையைச் சுற்றி பெல்ட்டை இழுத்து மாட்டினாள். சத்தம் நின்றது.

"தேங்கா தம்பி. எங்க வூட்டு மரத்துக் காய்," என்றார் அங்கிள் என்னைப் பார்த்து. "கனமா இருக்குல, ஆள் உக்காந்திருக்குன்னு காடி நெனச்சிக்கிச்சி. செக்கிங் பாஸ் ஆச்சுன்னா, உங்க வூட்டுப் பக்கத்து ப்ரிக்பீல்ட்ஸ் கோயில்லயே தேங்கா ஒடைச்சி, டயருக்கு எலுமிச்சம்பழம் வெச்சி சாவிய குடுக்கலாம்னு நெனச்சேன். பொறக்கப்போற புள்ளைக்கும் சேத்து."

புல் மேட்டிலிருந்து இறங்குவது ஏறியதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவமானம் என்றால் அதுதான் அவமானம். யாரைக் காப்பாற்ற இத்தனை பாடும் பட்டேனோ, அவளை விட்டுவிட்டுக் காகிதத்தைக் காப்பாற்றியிருக்கிறேன். மலர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். அவள் சிரித்துவிட்டாள். அது இன்றுவரை முடியவில்லை.

சுபாங் ஜெயாவில் காரை மேலே தூக்கி, கார்ப்பெட்டைப் பிரித்து, கம்ப்யூட்டர் மாட்டிப் பார்த்தார்கள். வெள்ளம் எட்டிக்கூடப் பார்க்காத வண்டி. பின்சீட்டின் அடியில் காய்ந்த பால் மட்டும் இருந்தது. முருகனிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். அன்று மாலையே தேங்காய் உடைத்தோம். மிச்சக் காய்களை மலர் வளைகாப்புக்கு எடுத்துக்கொண்டாள். அங்கே வந்த அத்தனை பெண்களுக்கும் கதையோடு சேர்த்தே காய் கொடுத்தாள்.

எங்கள் யாழினி அந்தக் காரில்தான் வீட்டுக்கு வந்தாள். இப்போது இரண்டாம் வகுப்பு. காரும் ஓடுகிறது, பால் வாடையும் இருக்கிறது. யாராவது பெல்ட் போட மறந்து டிங், டிங் என்று கேட்டால் போதும், பின்சீட்டிலிருந்து அவளுடைய பள்ளிக்கூட நோட்டு ஒன்று என் தோளுக்கு மேல் நீளும்.

"அப்பா, இந்தாங்க ஃபைலு. நீங்க ஓடுங்க. நானும் அம்மாவும் இங்கயே இருக்கோம்."