இருமலைக் காணவில்லை

இருமலைக் காணவில்லை.

மூன்றாவது முறையாக ஊசியைத் தூக்கி இசைத்தட்டின் அதே இடத்தில் வைத்துவிட்டு, கண்ணாடிக்கடைக்காரர் ஒலிபெருக்கியின் முன் மண்டியிட்டுக் காதை ஒட்டிக்கொண்டார். ஆர்கன் மேலே மேலே ஏறியது. டிரம்ஸ் அதைத் துரத்திக்கொண்டு ஓடியது. இரண்டும் சட்டென்று நின்றன. அரங்கம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த அமைதி வந்தது. அடுத்து இருமல் வரவேண்டும்.

வரவில்லை. ஒற்றை மணி ஒலித்து, புல்லாங்குழல் தொடங்கிவிட்டது.

அது அவருடைய சொந்த இருமல்.

கல்லூரியின் கடைசி வருடத்தில் அந்த ராக் இசைக்குழு ஊருக்கு வந்திருந்தது. அவர்களுடைய ஒரு பாட்டு முடிவதற்குள் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். பாடகர் தலையில் விளக்குக்கூடு மாதிரி ஏதோ ஒன்றைக் கவிழ்த்துக்கொண்டு பாடுவார். ‘சிநேகிதி வீட்டுல படிக்கப் போறேன்’ என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, பின்னாளில் மனைவியான அவளும் வந்திருந்தாள். கண்ணாடிக்கடைக்காரருக்கு அன்று கடுமையான சளி. இருமுவது தனக்கே தெரியாத அளவுக்கு வழியெல்லாம் இருமியும் ஆசை விடவில்லை. பாட்டு உச்சிக்குப் போகும்போது முதல்முறையாக அவள் கையைப் பிடித்துவிட்டார். அடுத்த நொடி பாட்டு நின்றது. அமைதி. அதில் கணீரென்று ஒரு இருமல். முன்வரிசைத் தலைகள் எல்லாம் அவர்கள் பக்கம் திரும்பின. அவள் பயந்து கையை இழுத்தாள். அவர் விடவில்லை.

அந்தக் கச்சேரியை நேரடியாகப் பதிவு செய்து இசைத்தட்டாக வெளியிட்டபோது, இருமலும் உள்ளே இருந்தது. ஒவ்வொரு திருமண நாளிலும் இருவரும் அதைக் கேட்பார்கள். “நம்ம கல்யாணத்துக்கு வாசிச்ச மேளம் இதுதாங்க” என்பாள் மனைவி.

வருகிற ஞாயிறு இருபத்தைந்தாவது திருமண நாள். பழைய தட்டு கீறல் விழுந்து கரகரக்கிறதே என்று, மனைவிக்குத் தெரியாமல் அதை இசைத்தட்டுக் கடையில் கொடுத்துவிட்டுப் புதுப் பதிப்பை வாங்கி வந்திருந்தார். இப்போது உறையைத் திருப்பிப் பார்த்தார். அடியில் எறும்பு ஊர்வது போல ஒரு வரி. ரசிகர்களின் இருமல், விசில், நாற்காலிச் சத்தம் அனைத்தும் நீக்கப்பட்ட தூய பதிப்பு.

ஊருக்கெல்லாம் பொடி எழுத்துப் படிக்கக் கண்ணாடி மாட்டிவிடுகிறவர், வாங்கும்போது இதைப் படிக்கவில்லை.

வாசலில் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. மாமனார்.

“என்ன மாப்பிள்ளை, ஏதாவது கீழ விழுந்துடுச்சா?”

“இல்ல மாமா. ஒயர் பார்க்கறேன்.”

“ம்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

மாமனார் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு, இப்போது காதும் மந்தம். மகளின் கச்சேரிப் பொய் இன்றுவரை அவருக்குத் தெரியாது. கண்ணாடிக்கடைக்காரர் பெண் கேட்டுப் போனபோது பெரிய சண்டை வரும் என்று இரு வீட்டாரும் தயாராக இருந்தார்கள். அவரோ ஒரு நிமிடம் மாப்பிள்ளையின் கையை உற்றுப் பார்த்துவிட்டு, “சரி” என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார். ஏன் என்று இருவருக்கும் இன்னும் புரியவில்லை.

மறுநாள் காலை இசைத்தட்டுக் கடை திறக்கும்போதே கண்ணாடிக்கடைக்காரர் வாசலில் நின்றார்.

“பழைய தட்டா? நேத்தே போயிடுச்சே சார்.”

“யார் வாங்கினா? நான் கால்ல விழுந்தாவது கேட்டுக்கறேன். என் இருமல் அதுலதான் இருக்கு.”

“பிரயோஜனம் இல்ல சார். அவர் பழைய தட்டை வெட்டிச் சுவர்க் கடிகாரம் பண்றவர். உங்க இருமல் இந்நேரம் பத்துக்கும் பதினொண்ணுக்கும் நடுவுல எங்கேயாவது இருக்கும்.”

கடைக்காரரே பாவப்பட்டு ஒரு வழி சொன்னார். பக்கத்துத் தெருவில் ஒரு ஒலிப்பதிவுக்கூடம் இருக்கிறது. புதிதாக ஒரு இருமலைப் பதிவு செய்து பாட்டில் ஒட்டிவிடலாம்.

கூடத்தை நடத்துகிற அம்மாளின் குரலைக் கேட்காதவர்கள் ஊரில் கிடையாது. ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்’ என்று எல்லோரையும் காக்க வைப்பது அவர்தான். கண்ணாடிக்கடைக்காரர் போனபோது அந்த அம்மாள் லிஃப்ட் ஒன்றுக்கான அறிவிப்பைப் பேசிப் பதிவு செய்துகொண்டிருந்தார். “கதவுகள் மூடுகின்றன. கைகளை எடுத்துக்கொள்ளவும்.” பிறகு மைக்கை இவர் பக்கம் திருப்பினார்.

“இருமுங்க சார்.”

“க்கும்.”

“இது இருமல் இல்ல. பாக்கி கேக்க வந்தவர் மாதிரி இருக்கு.”

“ஹக்.”

“விக்கல்.”

அரை மணி நேரம் போராடியும், கொட்டாவி தவிர வேறொன்றும் உருப்படியாக வரவில்லை. “நிஜமா சளி பிடிச்சாத்தான் சரிப்படும் சார்” என்றார் அந்த அம்மாள்.

அன்று இரண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டார். ஈரத் தலையோடு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை காலை மூக்கு குழாயாகியிருந்தது, நெஞ்சு கட்டியிருந்தது. இருமினால் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. சந்தோஷமாக ஒலிப்பதிவுக்கூடத்துக்கு ஓடினார்.

“சார், இது ரசிகர் இருமல் இல்ல. நோயாளி இருமல். பாட்டே கேக்காது.”

“நீங்க கொஞ்சம் குறைச்சு வைங்கம்மா. ஆளே நான்தானே.”

“சரி, தட்டை வெச்சுட்டுப் போங்க. ஞாயித்துக்கிழமை பென்டிரைவ்ல போட்டுத் தரேன்.”

இதற்குள் விஷயம் வீட்டில் வேறு மாதிரி திரும்பியிருந்தது. மனைவி மருந்துக்கடை நடத்துகிறவள். அவள் வீட்டிலேயே ஒரு இருமல் குடியிருப்பது கடையின் மானப் பிரச்சினை.

“வாயைத் திறங்க.”

“வேண்டாம்டி. அதுவா போயிடும்.”

“அதுவா போறதுக்கா நான் கடை வெச்சிருக்கேன்? திறங்க.”

ஞாயிறு மாலைக்குள் அவருடைய நெஞ்சு துடைத்துவிட்ட கண்ணாடி போல ஆகிவிட்டது. பரவாயில்லை, பென்டிரைவ் சட்டைப்பையில் இருந்தது. ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம் என்று நினைப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மனைவி கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்தாள். மாமனாரும் மாலை நடைக்குப் போகாமல் ஜன்னலோர நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்துவிட்டார்.

“உங்கப்பா இருக்காரே” என்றார் கண்ணாடிக்கடைக்காரர் மனைவியிடம் மெதுவாக.

“இருக்கட்டும். அவருக்கு இடி விழுந்தாலே பக்கத்து வீட்டுல கதவு தட்டற மாதிரிதான் கேக்கும். போடுங்க.” சோபாவில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்தக் கச்சேரிக்குக் கட்டியிருந்த அதே நிறத்தில் ஒரு புடவை கட்டியிருந்தாள். “தட்டு எங்கே?”

“தட்டு எதுக்கு? கீறல் இல்லாம இதுல மாத்தி வாங்கிட்டேன்.”

ஆர்கன் ஏறியது. டிரம்ஸ் துரத்தியது. மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டும் நின்றன. அமைதி.

“கதவுகள் மூடுகின்றன. கைகளை எடுத்துக்கொள்ளவும்.”

மனைவி கண்ணைத் திறந்தாள்.

பாட்டை நிறுத்தினார். இனி ஒளிக்க ஒன்றுமில்லை. தூய பதிப்பு, கடிகாரம், ஐஸ்கிரீம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“பாட்டு யாருக்குங்க வேணும்? அந்தச் சத்தத்துக்கு ஊரே திரும்பிப் பார்த்துச்சு. நான் கையை இழுத்தேன். நீங்க விடலை. வருஷத்துக்கு ஒருதரம் அதைக் கேட்டா, நீங்க எது பண்ணினாலும் மன்னிக்கலாம்னு தோணும். இனிமே எதை வெச்சு மன்னிக்கறது?”

“இரு. இப்பவே இருமிக் காட்டறேன்.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி முயன்றார். காற்று வந்தது. மறுபடி முயன்றார். கொட்டாவி வந்தது. மருந்து நல்ல மருந்து.

அறை அமைதியாக இருந்தது. மழைகூடச் சற்று ஓய்ந்திருந்தது.

அப்போது வந்தது. குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. கணீரென்று. இத்தனை வருடம் தட்டில் கேட்ட அதே சத்தம், கொஞ்சம் வயதாகி.

இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். மனைவி பழைய பயத்தில் கையை இழுத்தாள். அவர் விடவில்லை.

“மாமா, அந்த இருமல்...”

மாமனார் பேப்பரின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

“இருமல் இல்ல மாப்பிள்ளை, கனைப்பு. உங்களுக்கு ரெண்டு வரிசை பின்னாடிதான் உக்காந்திருந்தேன். அன்னிக்குக் கையை விட்டிருந்தீங்கன்னா, பொண்ணு குடுத்திருக்க மாட்டேன்.”