மூன்றாவது ஒன்ஸ்மோர்

முறத்தில் கடலைக்காய் கிடக்கிறது. பொழுது சாய்வதற்குள் உரித்து முடிக்க வேண்டும். நாலு காய் உரித்தால் ஒரு வரி எழுதுகிறேன். ஆகையால் நடுவில் எங்கேயாவது தோல் ஒட்டிக்கொண்டிருந்தால் ஊதிவிட்டுப் படிக்க வேண்டுகிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுதப் போவதோ ஒரு சர்வகலாசாலையைப் பற்றி. அதை நடத்துகிறவர்களில் ஒன்றிரண்டு பேர் என்னைவிட ஒரு வகுப்புக் குறைச்சல் என்று தெரிந்த பிறகுதான் துணிச்சல் வந்தது.

எங்கள் சர்வகலாசாலை சேந்தமங்கலத்துக்குத் தெற்கே இருக்கிறது. அந்தப் பக்கத்து நிலமெல்லாம் உடைய மிட்டாதார் குமாரசாமி ஏற்படுத்தியது. அவர் ஒரு தரம் பட்டணம் போயிருந்தபோது பட்டமளிப்பு விழா ஒன்றைப் பார்த்தார். இருநூறு பேர் கொளுத்துகிற வெயிலில் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு வேர்த்து வடிய நின்ற காட்சி அவர் மனசை உருக்கிவிட்டது. ஊருக்கு வந்ததும் முதல் காரியமாக அறுபது அங்கி தைக்கச் சொன்னார். தைத்து வந்த பிறகு, இதைப் போட்டுக்கொள்ள ஆள் வேண்டுமே என்று சர்வகலாசாலை வைத்தார். சர்க்காருக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. ஆகட்டும் என்றும் பதில் இல்லை, ஆகாது என்றும் பதில் இல்லை. பதில் வருகிற வரைக்கும் நாங்கள் சர்வகலாசாலைதான்.

அதில் ஐந்து இலாகா. ஐந்தாவது நாடக இலாகா. அதன் புரொபசர் எங்கள் ஊட்டுக்காரர். அவர் பேரை நான் வாயால் சொல்லக் கூடாது. அறைக் கதவில் தொங்கிய தகரத்தில் இருந்தபடி எழுதுகிறேன்: "நாடக சாஸ்திர புரொபசர் கந்தப்பன்".

ராசிபுரத்தில் தறிக்காரக் குடும்பம். பதிமூன்று வயசில் தறிக்குழியை விட்டு ஏறி நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். மீசை முளைக்கிற வரைக்கும் ராணி, முளைத்த பிறகு ராஜா. நாடகம் சொல்லிக் கொடுத்து மேடை ஏற்றுகிறவரை வாத்தியார் என்பார்கள். கம்பெனி வாத்தியார் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போன பிறகு அவரே வாத்தியாரும் ஆனார். ஆனால் பேர் வாங்கியது சாவதில்தான். அம்பு பட்டு ராஜா விழுந்து, பாடி, செத்தால், சபையில் ஒருத்தன் "ஒன்ஸ்மோர்" என்பான். உடனே ராஜா எழுந்து, கும்பிட்டு, மறுபடியும் அம்பு வாங்கிச் சாக வேண்டும். சபை கேட்டு எழுந்திருக்காத நடிகனுக்கு அடுத்த வருஷம் அந்த ஊரில் வெற்றிலை பாக்கு கிடையாது. மோகனூரில் ஒரே நாடகத்தில் ஏழு தரம் செத்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த மிட்டாதார், மிச்சம் ஒரு அங்கி இருக்கிறது என்று அவரைக் கையோடு கூட்டிவந்து புரொபசர் ஆக்கினார்.

புரொபசர் ஆனதும் சாவு ஒழுங்குக்கு வந்தது. முதல் வருஷம் சாவின் சரித்திரம். இரண்டாம் வருஷம் சாவின் தத்துவம். மூன்றாம் வருஷம் செய்முறை. மாணாக்கர் ஒன்பது பேர். முதல் வருஷத்துப் பையன் ஒருத்தன் அவசரப்பட்டு விழுந்து காட்டியதற்கு அவனிடம் காரணம் கேட்டு நோட்டீஸ் போயிற்று.

எனக்கு அந்த உத்தியோகத்தில் கிடைத்தது ஒரு ஓட்டு வீடு. வாசலிலேயே கிணறு. மாமியார் ஊட்டில் நாலு தறிச் சத்தத்துக்கு நடுவில் தொட்டில் ஆட்டியவளுக்கு, பிள்ளை மூச்சு விடுவது காதில் கேட்கிற வீடு. சாவியை இடுப்பிலிருந்து எடுக்கவே மாட்டேன்.

அப்படி இருக்கும்போது ரிஜிஸ்திரார் காளியண்ணன் ஒரு நாள் விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டார். அதை எழுதியவரும் அவர்தான். தாலுகா கச்சேரியில் நகல் எழுதிய கை, நிறையவே எழுதியிருந்தது. பதினேழாம் விதி: எந்தப் புரொபசரும் தம்முடைய சாஸ்திரத்தில் பரீட்சை தேறினால் ஒழிய உத்தியோகம் காயம் ஆகாது, அதாவது நிரந்தரம் ஆகாது. ஊட்டுக்காரரை ஆபீசுக்கு வரச் சொன்னார்கள்.

"புரொபசருங்க, நீங்க எந்தப் பரீட்சையில தேறியிருக்கீங்க?"

"மேடையிலதானுங்க."

"மேடை எந்த சர்வகலாசாலையைச் சேர்ந்தது?"

ரிஜிஸ்திரார் இரக்கமுள்ளவர். பரீட்சை வைத்துக் காயம் செய்துவிடலாம், ஆனால் பரீட்சகர் பரீட்சைக்குப் போகிறவருக்கு மேலே உள்ளவராக இருக்க வேண்டும் என்றார்.

"இந்த ஜில்லாவுல எனக்கு மேலே யாரும் இல்லீங்களே" என்றார் இவர், பெருமைக்கு அல்ல, தகவலுக்கு.

"அப்ப நீங்களே மேலே ஏறிக்குங்க."

இந்தப்படிக்கு அவரே கேள்வித்தாள் தயார் செய்து, அரக்கு முத்திரை வைத்து, தம்மிடமிருந்து மறைப்பதற்காக ரிஜிஸ்திராரிடம் கொடுத்தார். மூன்று வாரம் வீடு வீடாக இல்லை. என்ன கேள்வி வருமோ என்று சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். நான் மெதுவாக, "கேள்வி நீங்க எழுதினதுதானுங்களே?" என்றேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "பரீட்சகருக்குத் தெரியும். பரீட்சைக்குப் போறவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார். படித்தவர்கள் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

பரீட்சை அன்று காலை பத்து மணிக்குக் கூடத்தில் மிட்டாதார், ரிஜிஸ்திரார், நாலு இலாகாப் புரொபசர்கள் எல்லாரும் அங்கியோடு உட்கார்ந்தார்கள். ஜன்னல்களில் மாணாக்கர், பியூன்கள், தோட்டக்காரர்கள், சந்தைக்குப் போகிற வழியில் வண்டியை அவிழ்த்துவிட்டு வந்தவர்கள். பெண்டுகள் பன்னிரண்டு பேர் தட்டிக்குப் பின்னால். அதுவரைக்கும் நான் அவர் நாடகம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. புருஷன் சாவதைக் கட்டினவள் கண்ணால் பார்க்கலாமா என்று மாமியார் விட்டதே கிடையாது. ரிஜிஸ்திரார் சம்சாரம் ஜானகியம்மாள்தான், "இது நாடகமா? ஆபீசுக் காரியம். தோஷமில்லை, வா சாமி" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள்.

ஊட்டுக்காரர் அங்கியோடு வந்தார். முத்திரையை உடைத்து, எதிரே இருந்த காலி முக்காலியைப் பார்த்து உரக்கப் படித்தார்: "ராஜா எப்படிச் சாகிறார்? செய்து காட்டுக." அங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, ராஜா கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு முக்காலியில் போய் உட்கார்ந்தார். கேள்வியைக் கேட்ட திகிலில் அவருக்கு முகம் வெளுத்தது. பிறகு எழுந்து, அம்பு வாங்கி, பாடி, செத்தார். செத்த இடத்திலிருந்து எழுந்து அங்கியைப் போட்டுக்கொண்டு, "நூற்றுக்கு எழுபது. பாட்டில் மூச்சு வாங்கியது" என்றார்.

ரிஜிஸ்திரார், "தேறினார்" என்று எழுதப் பேனாவை மையில் தொட்டார். ஜன்னலிலிருந்து ஒரு குரல்: "ஒன்ஸ்மோர்."

இவர் அங்கியைக் கழற்றிவிட்டார். கும்பிட்டார். மறுபடியும் செத்தார்.

ரிஜிஸ்திரார் எழுபதை அடித்தார். இரண்டாம் தரம் பரீட்சைக்கு வருகிறவன் முதல் தரம் தேறாதவன் என்பது எல்லாச் சர்வகலாசாலைகளுக்கும் பொதுவான அனுபவம். தேறியவன் ஏன் மறுபடியும் வருகிறான்? இந்தத் தரம் எண்பத்திரண்டு. பேனா மையைத் தொடுவதற்குள் வண்டிக்காரர்கள் பக்கமிருந்து இரண்டாவது ஒன்ஸ்மோர். எண்பத்திரண்டும் போயிற்று.

அப்போது ரிஜிஸ்திரார் எழுந்து நின்று ஜன்னல்களைப் பார்த்துச் சொன்னார்: "மூணு தரத்துக்கு மேல யாருக்கும் பரீட்சை கிடையாது. விதி இருக்குது. இனி ஒருத்தர் வாயைத் திறந்தீங்கன்னா புரொபசருக்கு உத்தியோகம் போச்சு. சாயங்காலமே ஊட்டுச் சாவியைக் குடுத்துட்டு மூட்டை கட்ட வேண்டியதுதான்."

ஊரே துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டது. வண்டிக்காரர்கள் ஒருத்தர் வாயை ஒருத்தர் பொத்தினார்கள். நான் இடுப்புச் சாவியைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாம் சாவில் பாட்டு இல்லை. அவர் சும்மா உட்கார்ந்தார். அம்பு பட்ட இடத்தைப் பார்த்தார், யாரோ கூப்பிட்டதைப் பார்க்கிற மாதிரி. கிரீடம் உருண்டு கொஞ்ச தூரம் போயிற்று. அதை எடுக்கக் கையை நீட்டினார். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினார். பிறகு, போகட்டும் என்று கையை அங்கேயே விட்டுவிட்டார். அவ்வளவுதான் சாவு. மிட்டாதார் அங்கியில் மூக்கைத் துடைத்தார். ரிஜிஸ்திராருக்குப் பேனா எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. இனி இவர் எழுந்து அங்கியைப் போட்டு ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் முடிந்தது.

தட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "ஒன்ஸ்மோர்" என்றது.

அவர் உடனே எழுந்திருக்கவில்லை. செத்தபடியே ஒரு கண்ணை மட்டும் திறந்தார். எழுந்தால் வீடு போயிற்று. எழாவிட்டால் சபை கேட்டு எழாத நடிகன். அந்தக் கண் கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தது. பிறகு எழுந்தார். ரிஜிஸ்திராரைப் பார்த்துக் கும்பிட்டு, "சபை கேட்டிருச்சுங்களே" என்றார். நாலாம் தரம் செத்தார். அதற்கு மார்க்குப் போட யாரும் இல்லை.

அன்றைக்கே கமிட்டி கூடிற்று. நாடகத்தில் மூன்று தரம் தேறாதவர் நாடகப் புரொபசராக இருக்க முடியாது. ஒரு தரம்கூடத் தேறாமல் போகாத ஆள் வேண்டும் என்று தேடினார்கள். தபால் குமாஸ்தா சென்னிமலை அகப்பட்டார். அவர் பரீட்சை என்று எதற்கும் போனதில்லை, ஆகையால் எதிலும் தவறியதில்லை. சுத்தமான ரிகார்டு.

"எனக்கு நடிக்கத் தெரியாதுங்களே" என்று சென்னிமலை கண் கலங்கினார்.

"நீங்க ஏனுங்க நடிக்கோணும்? சொல்லிக் குடுத்தாப் போதும்" என்றார் ரிஜிஸ்திரார்.

ஆனால் எதைக் காட்டிச் சொல்லிக் கொடுப்பது? விஞ்ஞான இலாகாவுக்கு ஒரு எலும்புக்கூடு இருக்கிறது. அதே மாதிரி நாடக இலாகாவுக்கும் ஒன்று இருக்கலாம் என்று மிட்டாதார் உத்தரவு கொடுத்தார். இப்போது சாமான் ஜாபிதாவில் இருக்கிறது: கரும்பலகை ஒன்று, முக்காலி இரண்டு, நடிகர் ஒன்று (உபயோகித்தது). சென்னிமலை அங்கியோடு நின்று பிரம்பால் தொட்டுக் காட்டி, "இதுதான் சோகம்" என்கிறார். எங்கள் ஊட்டுக்காரர் சோகமாக இருக்கிறார். மாணாக்கர் எழுதிக்கொள்கிறார்கள். நடிப்பு முன்னைவிட நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

வீடும் போகவில்லை. சாமானைப் பூட்டி வைக்க இடம் வேண்டுமே. எங்கள் வீட்டு வாசலில், "நாடக இலாகா சாமான் அறை" என்று தகரம் தொங்குகிறது. தினமும் ஐந்து மணிக்குப் பியூன் மணியன் அவரைக் கூட்டிவந்து புஸ்தகத்தை நீட்டுவார். பழுதில்லாமல் வந்து சேர்ந்தது என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். சாமான் பேர் என்ற இடத்தில், பேரைச் சொல்லக் கூடாதே என்று "மேற்படி" என்று எழுதுகிறேன். ரிஜிஸ்திரார் பார்த்துவிட்டு, ஆபீசு எழுத்து நன்றாக வருகிறது என்று சொல்லியனுப்பினார்.

இனி பாக்கி அந்தக் குரல்தான். அதற்கு ஒரு விசாரணைக் கமிட்டி. தங்கள் தங்கள் ஊட்டுப் பெண்டுகள் அப்படிக் கத்தக்கூடியவர்கள் அல்ல என்று கமிட்டியார் எல்லாரும் முதலில் தீர்மானம் போட்டுக்கொண்டார்கள். பிறகு பதினோரு பெண்டுகளைத் தட்டிக்குப் பின்னால் நிறுத்தி, ஒவ்வொருத்தரையும் ஒரு தரம் "ஒன்ஸ்மோர்" சொல்லச் சொன்னார்கள். பதினோரு தரமும் பக்கத்து அறையிலிருந்து மேற்படி எழுந்து வந்து கும்பிட்டுச் செத்தது. கமிட்டியார் குரலைக் கவனிக்க மறந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டார்கள். பன்னிரண்டாவது ஆள் நான். என்னை விசாரிக்கவில்லை. "இந்தம்மாள் பேசி யாரும் கேட்டதில்லை. ஆகவே குரல் இல்லை என்று கொள்ளப்பட்டது" என்று எழுதியிருக்கிறார்களாம்.

விசாரணை இன்னும் நடக்கிறது. ரிஜிஸ்திரார் தம் ஊட்டில் ஜானகியம்மாளோடு பேசுவதில்லை. நாலு புரொபசர்களும் அப்படியே. நீங்களும் ஜன்னலில் நின்றிருந்தால் வாயிலிருந்து துண்டை எடுத்திருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். என்னைக் கேட்டிருந்தால் மறைக்காமல் சொல்லியிருப்பேன். வீடு போகும் என்று காதால் கேட்டேன், சாவியும் கையில் இருந்தது, ஆனால் அந்தக் கை கிரீடத்துக்கு எட்டாமல் நின்றதைப் பார்த்ததும், இன்னொரு தரம் பார்க்காமல் எப்படி

"அம்மிணி, சாமான் வந்திருக்குதுங்க, வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துக்குங்க" என்று மணியன் வாசலில் கூப்பிடுகிறார். இதோ வாரேனுங்க. கமிட்டியார் யாராவது இதைப் படித்தால் ஜானகியம்மாளை விட்டுவிடச் சொல்லுங்கள், ஏனென்றால் அன்றைக்குத் தட்டிக்குப் பின்னாலிருந்து அப்படிக் கத்தினது