செத்த ஓடக்காரர் எழுந்திருப்பது சம்பந்தமாக

அன்பு மகள் வாலுவுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

பொருள்: உன் படத்தின் கடைசிக் காட்சியில் ஓடக்காரர் எழுந்திருப்பது சம்பந்தமாக.
பார்வை: நீ ஒரு வாரமாகப் போனை எடுக்காதது.

இங்கே நான் சுகம். வீடு சுகம். மாடித் தண்ணீர்த் தொட்டி சுகம், காலையில்தான் மூடியைத் திறந்து பார்த்தேன். உன் அம்மா சுகமா என்பது அவளைக் கேட்டால்தான் தெரியும், கேட்டால் பதில் வராது. படம் வெளியான அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை, பேச வேண்டியதையெல்லாம் ஃப்ரிட்ஜிடம் பேசுகிறாள். "சாப்பாடு ஆறிக்கிட்டிருக்குன்னு சொல்லு" என்று அதனிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறாள். அது ஒன்றும் என்னிடம் வந்து சொல்வதில்லை, எனக்குத்தான் காது கேட்கிறதே, நானே போய்ச் சாப்பிட்டுவிடுகிறேன். நீயும் போனை எடுப்பதில்லை. ஆக இந்தக் குடும்பத்து விஷயமாக என்னோடு பேசுகிற ஒரே ஜீவன் உன் தயாரிப்பாளர்தான். அவர் முந்தாநாள் கூப்பிட்டார், அதனால்தான் இந்தக் கடிதம்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சார், நீங்க தியேட்டர்ல எழுந்து நின்னு கத்துனது எல்லார் போன்லயும் ஓடுது. பாதிப் பேர் படம் பிரமாதம்கிறான், பாதிப் பேர் உங்க பக்கம் நிக்கிறான். ஓடக்காரர் எழுந்திருச்சார்னு வைங்க, இன்னும் நாலு வாரம் ஓடும். கட் சொன்னதும் நடிகர் கண்ணைத் திறந்து எழுந்து உக்கார்ந்தார் பாருங்க, அந்தத் துண்டு கைவசம் இருக்கு, அதையே ஒட்டிடலாம். உங்க பொண்ணு முடியவே முடியாதுங்கிறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சரின்னு சொல்லலைன்னா தியேட்டர்காரங்க படத்தைத் தூக்கிடுவாங்க. பெத்த அப்பா, நீங்க எடுத்துச் சொல்லுங்க." பெத்த அப்பா எடுத்துச் சொல்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் அன்றைக்கு நடந்தது என்ன என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் போனில் ஓடுகிற துண்டில் நான் நாற்காலி மேல் ஏறி நின்று ஓடுகிற பஸ்ஸை நிறுத்தப் பார்க்கிறவன் மாதிரிதான் இருக்கிறேன்.

நம் ஓடக்காரர் இசை நாடகத்தின் கதை உனக்குத் தெரியும், உன்னைத் தோளில் போட்டுத் தூங்கவைத்ததே அதைச் சொல்லித்தான், இருந்தாலும் இந்தக் கடிதம் தயாரிப்பாளர் கைக்கும் போகக்கூடும் என்பதால் விவரமாகவே எழுதிவைக்கிறேன். குடிநீர் அலுவலகத்து மனமகிழ் மன்றம் போட்ட நாடகம் அது. பகலில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிற நான் சாயங்காலமானால் ஓடக்காரர். பகலில் டைப் அடிக்கிற உன் அம்மா சாயங்காலமானால் ஓடக்காரர் மனைவி. வெள்ளத்தில் போகிற குழந்தையைக் காப்பாற்றிக் கரையில் போட்டுவிட்டு, மனைவி மடியில் தலை வைத்து ஒரு பாட்டுப் பாடி ஓடக்காரர் உயிரை விடுகிறார். நான் உயிரை விட்டதும் கொட்டகையே "ஒன்ஸ் மோர்" என்று கத்தும். நான் கண்ணைத் திறந்து, எழுந்து, ஒரு கும்பிடு போட்டு, மறுபடி முதலிலிருந்து பாடி மறுபடி சாவேன். சில நாள் மூன்று தடவைகூடச் செத்திருக்கிறேன். பில் கட்டாத வீட்டுக்காரர்கள்கூட அந்தச் சாவுக்காக எனக்கு மரியாதை கொடுத்தார்கள். அந்த மடியில் அத்தனை தடவை தலை வைத்த பிறகு கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்றுதான் பண்ணிக்கொண்டோம், நீ பிறந்தாய், வளர்ந்தாய், அதையே படமாக எடுத்தாய். அப்பாவுக்காகத்தான் எடுத்தாய் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

முதல் நாள் பழைய குழு முழுக்க வந்திருந்தது. ஆர்மோனியம் வாசித்த பெட்டிக்காரர், இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் வில்லன், திரைக்குப் பின்னால் நின்று எங்களுக்கு வசனம் எடுத்துக் கொடுத்த முணுமுணு, நான், உன் அம்மா, எல்லாரும் ஒரே வரிசை. படத்தில் ஆறு வந்ததுமே ஜனம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. நம் நாடகத்தில் ஆறு என்றால் நீலத் துணி, கணக்குப் பிரிவு ஆட்கள் இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டுவார்கள். நீ நிஜ ஆற்றையே கொண்டுவந்து விட்டிருந்தாய். இளவட்டமெல்லாம் விசில் அடித்தது. பெட்டிக்காரர் மட்டும், "தண்ணி நிஜமா இருந்தா அப்புறம் நடிக்கிறவனுக்கு என்னய்யா வேலை?" என்றார். பின் வரிசையிலிருந்து ஒருவர் "ஐயா, கொஞ்சம் பேசாம பாருங்க" என்றார். அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் முணுமுணு ஆரம்பித்துவிட்டார். பாவம், பழக்கதோஷம், திரையில் இருக்கிறவர் வாயைத் திறக்கும் முன்னால் இவர் வசனத்தைக் கிசுகிசுவென்று எடுத்துக் கொடுக்கிறார். முன் வரிசைப் பெண் ஒன்று திரும்பி, "தாத்தா, எல்லாத்தையும் நீங்களே முன்னாடி சொல்லிட்டா படத்தை நாங்க எப்படிப் பார்க்கிறது?" என்றது. அவர், "நான் சொல்லலைன்னா அந்தத் தம்பி மறந்துடுவானேம்மா" என்றார். அந்தப் பெண் முன்னால் திரும்பிக்கொண்டது, அப்புறம் சண்டைக் காட்சியில் மறுபடி திரும்பி "இப்ப யாரு ஜெயிக்கிறா தாத்தா?" என்று அதுவே கேட்டது.

பிறகு ஓடக்காரர் செத்தார். உன் நடிகரைக் குறை சொல்லமாட்டேன், நன்றாகவே செத்தார், தலையை இடது பக்கம் சாய்த்தார், நான் வலது பக்கம் சாய்ப்பேன், அது அவரவர் கைப்பக்குவம். சாய்ந்தார், கொட்டகை அமைதியானது, என் கால் தானாக எழுந்து நின்றது. நான் கத்தவில்லை வாலு, சத்தியமாக என் தொண்டைதான் கத்தியது. "ஒன்ஸ் மோர்" என்றேன். வில்லன் எழுந்தார், பெட்டிக்காரர் எழுந்தார், நாடகம் பார்த்த பெரியவர்கள் எல்லாம் எழுந்தார்கள், பாதிக் கொட்டகை "ஒன்ஸ் மோர்", மீதிக் கொட்டகை "உட்காருங்கய்யா", நடுவில் யாரோ வீசிய பாப்கார்ன் எல்லார் தலையிலும் சமமாக விழுந்தது. மானேஜர் டார்ச் லைட்டோடு ஓடி வந்து, "சார், படத்துல ஏது சார் ஒன்ஸ் மோர், அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கு" என்றார். "அது ஓடட்டும், அந்த ஆளை மட்டும் எழுப்புங்க" என்றேன். உன் அம்மா என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். "உட்காருங்க, பாட்டு போயிட்டிருக்கு" என்றாள். "எந்தப் பாட்டு? அதான் முடிஞ்சு போச்சே" என்றேன். சட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். என்னோடு அவள் நேரில் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அன்று தொடங்கிய கட்சிச் சண்டை இன்னும் ஓயவில்லை. ஜெராக்ஸ் கடையில் எழுப்ப வேண்டும் என்கிற கட்சிக்காரர்கள் கூடுகிறார்கள், ஒருத்தரும் ஒரு ஜெராக்ஸும் எடுப்பதில்லை, வில்லன் தலையில் கை வைத்துக்கொண்டிருக்கிறார். சலூனுக்குப் போனால் முடிவெட்டுகிறவர் எதிர்க்கட்சி. என் தொண்டையில் கத்தியை வைத்துக்கொண்டு, "செத்தவன் செத்தவனாவே கிடக்கணும் சார், அப்பதான் சார் அது படம்" என்கிறார். கழுத்தில் கத்தி இருக்கும்போது கருத்து வேறுபாடு கூடாது என்று தலையை ஆட்டினேன், ஆட்டவும் கூடாது என்றார். மாடியில் குடியிருக்கும் நர்ஸ் அம்மா இன்னும் மோசம். "நாள் பூரா ஆஸ்பத்திரியில அழக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டிருக்கேன் அங்கிள், தியேட்டருக்குப் போய்த்தான் நல்லா அழுதேன். அவர் எழுந்திருச்சுட்டா நான் அழுத அழுகைய எங்க கொண்டுபோய்ப் போடறது?" என்று கேட்கிறார். தண்ணீர் வருகிறதா என்று கேட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

ஆனாலும் என் கட்சி என் கட்சிதான். வெளியே யாரும் எழுந்திருப்பதில்லை வாலு. என் வயசுக்கு எத்தனையோ பேரை வழியனுப்பியாகிவிட்டது, கூப்பிட்டதற்கு ஒருத்தரும் கண் திறந்ததில்லை. கொட்டகைக்குள்ளாவது ஒரு மனுஷன் எழுந்திருக்கட்டுமே. வெள்ளிக்கிழமைக்குள் சரி என்று சொல்லிவிடு. ராத்திரி பகலாக உழைத்து எடுத்த படம் பெட்டிக்குள் போய்விடக் கூடாது. நீ ஊரை விட்டுப் போய், யாருக்கும் முகம் காட்டாமல் அறைக்குள் அடைந்து கிடக்கிறாய் என்று தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கத்தலால்தான் உனக்கு இந்தக் கதி என்று உன் அம்மா நினைக்கிறாள், அவள் சொல்லாவிட்டாலும் ஃப்ரிட்ஜ் கதவை அவள் சாத்துகிற சாத்தலிலேயே தெரிகிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. ஈரத் தலையோடு படுக்காதே. எடுத்த காரியமெல்லாம் ஜெயமாகட்டும், உன் பேர் திரையில் இன்னும் பெரிய எழுத்தில் வரட்டும். அம்மாவின் ஆசிகள் ஃப்ரிட்ஜ் வழியாக வந்து சேர்ந்தால் தனியே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
எத்தனை தடவை செத்தும் உன்னைக் கட்டிக்கொடுக்காமல் சாக மனசில்லாத
அப்பா

பி.கு.: மேலே கண்ட கடிதம் இதன் மூலம் ரத்து செய்யப்படுகிறது.

உறையில் போட்டுக்கொண்டு தபால்பெட்டிக்குக் கிளம்பினேன். உன் அம்மா வெளியே போகிற புடவையில் நின்றுகொண்டு ஃப்ரிட்ஜிடம், "மத்தியான ஆட்டத்துக்கு ரெண்டு டிக்கெட் எடுத்திருக்கேன், வர இஷ்டமிருந்தா வரச் சொல்லு" என்றாள். கடிதத்தைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு பின்னாலேயே போனேன். கொட்டகையில் கூட்டம் குறைவு, எங்கள் ஆள் யாரும் இல்லை. ஓடக்காரர் குழந்தையைக் கரையில் போட்டதுமே உன் அம்மா கைக்குட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள். அழுகிறதுக்கு என்று நினைத்துக் கண்ணில் வைத்தேன். "அங்க இல்ல, வாயில" என்றாள். ஒரு வாரத்துக்கு அப்புறம் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு, வாயில் வைத்துக்கொண்டேன்.

ஓடக்காரர் செத்தார். கைக்குட்டை இருந்ததால் நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அந்த மனைவி பாட ஆரம்பித்தாள். வாலு, அந்தப் பாட்டுக்கு ஒரே ஒரு அடிதான் என்று நான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். நாடகத்தில் நான் மறுபடி மறுபடி செத்து முடிப்பதற்குள் ஜனம் கடைசி பஸ்ஸுக்கு எழுந்துவிடும், உன் அம்மா முதல் அடியை எடுப்பாள், திரை இறங்கிவிடும், மடியில் கிடக்கிற நான் பசிக்கிறதே என்று யோசித்துக்கொண்டிருப்பேன். அது எவ்வளவு பெரிய பாட்டு. ஆற்றைத் திட்டுகிறாள், ஓடத்தைத் திட்டுகிறாள், ஊரையெல்லாம் அக்கரை சேர்த்தாயே, என்னை எந்தக் கரையில் விட்டுப் போனாய் என்று அந்த ஆளையே திட்டுகிறாள், கடைசியில் ஓடத்தில் அவளே ஏறித் துடுப்பை எடுக்கிறாள். ஒன்றுவிடாமல் அத்தனை அடியையும் என் பக்கத்தில் உன் அம்மா சத்தமில்லாமல் உதட்டால் பாடிக்கொண்டிருந்தாள். மேடையில் யாரும் கேட்காத பாட்டை உனக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று அப்போதுதான் யோசித்தேன். சின்ன வயசில் நீ அடுப்படியை விட்டு நகரமாட்டாயே, அங்கே நடந்திருக்கிறது இது. எனக்காக எடுத்த படம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன் பார், எனக்கே வெட்கமாக இருக்கிறது.

விளக்குப் போட்ட பிறகும் யாரும் உடனே எழுந்திருக்கவில்லை. திரும்பி நடந்து வரும்போது பஸ் டிப்போ தாண்டியதும் கைக்குட்டையை எடுத்துவிட்டு, அவள் காதோடு "ஒன்ஸ் மோர்" என்றேன். "பேசாம வாங்க, தெருவுல ஆள் வர்றாங்க" என்றாள். கொஞ்ச தூரம் வந்தாள். சிக்னலில் நின்றோம். முன்னே பின்னே பார்த்தாள், முதல் அடியிலிருந்து ஆரம்பித்துவிட்டாள். பச்சை விழுந்தது, சிவப்பு விழுந்தது, மறுபடி பச்சை விழுந்தது, நாங்கள் சாலையைக் கடக்கவில்லை. பூ மாதிரி குரல் எல்லாம் இல்லை, டைப் மெஷின் பக்கத்திலேயே இருந்த குரல்தான், ஆனால் ஒரு அடி தப்பவில்லை. முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்கிட்ட யாரும் கேட்டதே இல்லைங்க" என்றாள்.

தயாரிப்பாளரிடம் முடியாது என்றே சொல். படத்தைத் தூக்கினால் தூக்கட்டும், நீலத் துணி இன்னும் பரணில்தான் இருக்கிறது. மேலே எழுதியதைக் கிழித்துப் போடலாம் என்றால் உன் அம்மா, "இருக்கட்டும், அவ அப்பா எப்படி இருந்தார்னு அவளும் தெரிஞ்சுக்கட்டும்" என்கிறாள். ஃப்ரிட்ஜிடம் அல்ல, என்னைப் பார்த்தே சொல்கிறாள். ஓடக்காரர் செத்தே கிடக்கட்டும் வாலு, அவர் எழுந்துவிட்டால் அவள் பாட முடியாது. போனை எடு, பக்கத்தில் நிற்கிறாள்.