ஐஸ்பெட்டி அங்கிளின் ஊமைப்படம்

எங்கள் ஊரான ஸ்கூடாயில் ஐஸ்பெட்டி அங்கிள் சந்தேகப்படாத ஆள் ஒருவர்கூடக் கிடையாது. கண்ணாடி முன் நின்றால்கூட 'யார்றா இவன்?' என்று ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் தலை வாருவார்.

எல்லாவற்றுக்கும் காரணம், அவர் வீட்டு ஐஸ்பெட்டியில், அதாவது குளிர்சாதனப் பெட்டியில், இருந்த ஒரு பிஸ்கட் டின். அதற்குள் ஓர் ஊமைப்படம், அதுவும் சிரிப்புப் படம். உலகத்தில் வேறு பிரதியே இல்லை என்பார். மலாயாவுக்குக் கப்பலேறும் முன் அவருடைய அப்பா அதில் நடித்திருந்தாராம். மாட்டுவண்டியிலிருந்து சாணிக் குவியலில் விழுந்து, எழுந்து, வாய்விட்டுச் சிரிக்கும் வேடம்.

சூட்டில் கெட்டுவிடும் என்று படம் ஐஸ்பெட்டிக்குப் போனது. திருட்டுப் பயத்தில் ஐஸ்பெட்டிக்கு மோட்டார் சைக்கிள் சங்கிலியும் பூட்டும் வந்தன. காப்பிக்குப் பால் எடுக்கக்கூட அவர் மனைவி அவரிடம் சாவி கேட்க வேண்டும்.

பழைய சினிமாவை ஆராய்ச்சி செய்கிறேன் என்று வந்த பல்கலைக்கழக மாணவனை, அங்கிள்தான் ஆராய்ச்சி செய்து அனுப்பினார். பாவம், தாத்தா பெயர் வரைக்கும் ஒப்பித்தும் டின்னின் மூடியைக்கூட அவன் பார்க்கவில்லை.

"மெஷின்ல போட்டுக் காட்டுங்களேன் அங்கிள்" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"மெஷின்காரன் சுட்டுட்டான்னா நீ தருவியா லா?"

தெருவும் சும்மா இருக்குமா? "உள்ள படமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்றார் எதிர்வீட்டுக்காரர். எனக்கும் அதே சந்தேகம்தான்.

ஒரு காலை அந்த ஐஸ்பெட்டி உயிரை விட்டது. டின்னை நெஞ்சோடு அணைத்தபடி பக்கத்து வீடான எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். எங்கள் ஐஸ்பெட்டிக்குள் அதை வைத்துவிட்டு, முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"அங்கிள், முட்டை எடுக்கட்டுமா?" என்றாள் என் மனைவி.

"எடும்மா. எடுத்துட்டுக் கையைக் காட்டு."

சாயங்காலம் புது ஐஸ்பெட்டி வந்து இறங்கியது. எங்களை நம்பி அப்படியே எடுத்துப் போவாரா? மூடியைத் திறந்து பார்த்தார். காட்டமாக ஒரு வாடை. உள்ளே பழுப்பு நிறத்தில் வெறும் பொடி.

"மாத்திட்டியா?" என்றார் என்னிடம்.

பழைய பிலிம் காலப்போக்கில் பொடியாகிவிடும், இது பொடியாகிப் பல வருஷம் ஆகியிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் குரல் உடைந்துவிட்டது.

"எங்கப்பா சிரிச்சு நான் பார்த்தது அதுல மட்டும்தான் தம்பி. சின்ன வயசுல, சன்னல் வெளிச்சத்துல பிடிச்சுக் காட்டுனாரு. அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் அந்த மனுசன் சிரிக்கவே இல்ல."

"நான்தான் எடுத்தேன் அங்கிள்" என்றேன்.

என் மனைவி, "அலமாக்!" என்று அதிர்ந்தாள்.

அவர் என்னையே உற்றுப் பார்த்தார். "பத்திரமா இருக்கா?"

"இருக்கு."

"குளிர்லதான?"

"குளிர்லதான்."

அப்போதுதான் அவருக்கு மூச்சே வந்தது. போலீசுக்குப் போகவில்லை. போனால் போலீஸ்காரன் எடுத்துக்கொள்வானாம். அன்றிலிருந்து தெருவில் நான் படத் திருடன். தினமும் எங்கள் வீட்டு கேட் அருகே நின்று, "குளிர் சரியா இருக்கா?" என்று மிரட்டுகிறார். திருப்பித் தா என்று மட்டும் இதுவரை கேட்கவில்லை. அதில்தான் எனக்கு ஒரு சந்தேகம், அவருக்கும் உண்மை தெரியுமோ என்று.

போன வாரம் அந்தச் சங்கிலியையும் பூட்டையும் கொண்டுவந்து என் கையில் திணித்தார். "உன் ஐஸ்பெட்டி திறந்தே கிடக்கு. எவனாச்சும் எடுத்துடப் போறான்."

பூட்டிவிட்டேன். இப்போது பாலுக்கு என் மனைவி என்னிடம் சாவி கேட்கிறாள். கேட்கட்டும், உள்ளே அங்கிளின் அப்பா சிரித்துக்கொண்டிருக்கிறார்.