மூத்த மருமகளின் முகம்

மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறவர்கள் மாப்பிள்ளையைப் பார்ப்பதில்லை. அந்த வீட்டில் ஏற்கெனவே வாழ்க்கைப்பட்டிருக்கும் மருமகளின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். உத்திரமேரூரில், எங்கள் வீட்டில், அந்த முகம் என்னுடையது.

என் கொழுந்தன் பிரபுவுக்கு முப்பத்து நாலு வயது. இரண்டு வரன்கள் கூடி வந்து கலைந்துவிட்டன. மாகறலிலிருந்து மூன்றாவது இடம் வந்த அன்று காலையிலேயே மாமியார் உத்தரவு போட்டுவிட்டார். "தோ பாரு, சிரிச்ச மொகமா நில்லு. இதுவும் பூட்ச்சினா அவன் காவி கட்டிக்க வேண்டியதுதான்."

சிரிப்பதில்தான் எனக்குச் சிக்கல். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தும்மினால், இருமினால், வாய்விட்டுச் சிரித்தால் சிறுநீர் கொஞ்சம் கசிந்துவிடும். (நகைச்சுவைக் காட்சிகளைக் காலைப் பின்னிக்கொண்டுதான் பார்ப்பேன்.) காஞ்சிபுரத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மா இடுப்புத் தளத் தசைகளுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்திருந்தார். வாயு பிரியாமல் அடக்குவதுபோல அடியில் இறுக்கி, மேலே இழுத்து, சில நொடி நிறுத்தி, மெதுவாகத் தளர்த்த வேண்டும். "மூச்சை மட்டும் அடக்காதீங்க. நின்னுகிட்டே செய்யலாம், பக்கத்துல இருக்கிறவங்களுக்குக்கூடத் தெரியாது" என்றார்.

தெரியாது என்பதை மட்டும் மனதில் ஏற்றிக்கொண்டு மூச்சை மறந்துவிட்டேன்.

காபி கொடுத்த பிறகு கதவோரம் சும்மா நிற்கிற நேரத்தை வீணாக்குவானேன் என்று ஆரம்பித்தேன். அடியில் இறுக்கினால் வயிறு, தோள், தாடை எல்லாம் ஒற்றுமையாக இறுகின. மூச்சு நின்றது. அந்த நேரம் பார்த்து மாமியார், "பெரிய மருமவள நாங்க பெத்த பொண்ணாட்டம் வெச்சிக்கினு கீறோம்" என்றார்.

அத்தனை பேரும் பெத்த பொண்ணைத் திரும்பிப் பார்த்தார்கள். அது பல்லைக் கடித்து, கண் கலங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. பெண்ணின் அத்தை டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

நான் தோட்டத்துப் பக்கம் போனதும் பின்னாலேயே வந்தார். "கண்ணு, பயப்படாம சொல்லு. கை நீட்றாங்களா?"

"ஐயோ, இல்லீங்க!"

"சோறாவது ஒயுங்கா போட்றாங்களா? எங்க அண்ணன்கிட்ட வாணாம்னு சொல்லிட்றேன். எங்க பொண்ணும் வந்து உன்னாட்டம் நிக்கக் கூடாது பாரு."

பிரபுவின் காவி வேட்டி என் கண் முன்னால் ஆடியது. வேறு வழியில்லை. அவர் காதருகே போய்க் கசிவு, பயிற்சி, இறுக்கம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்தார். சிரிக்கச் சிரிக்க, துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு தொடைகளை ஒட்டிக்கொண்டார்.

"அடியே, சிரிக்க வெக்காதடி! எனக்கும் அதே பேஜார்தான். பஸ்ல போறதையே வுட்டுட்டேன். வயசானா இப்டித்தான்னு இருந்துட்டேன். எங்க, எப்பிடி இறுக்கணும்?"

சொல்லிக் கொடுத்தேன். அவரும் மூச்சைப் பிடித்தார். "மூச்ச வுடுங்க" என்றேன். நானும் விட்டேன்.

உள்ளே போனதும் அத்தை அண்ணனிடம், "தாராளமா பொண்ணு குடுக்கலாம். அந்தப் பொண்ணு ஒரு விசயம் சொல்லிச்சி, எனக்கு அது போதும்" என்றார். நிச்சயத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

மூச்சு விட்டுக்கொண்டே சில மாதம் ஒழுங்காகச் செய்ததில் எனக்குச் சிரிப்பு திரும்பிவிட்டது. அத்தை மாகறலிலிருந்து பஸ்ஸிலேயே வந்துபோகிறார். மாமியார் மட்டும் இன்றைக்கும் வருகிறவர்களிடம் பெருமையடிக்கிறார்: "பெரிய மருமவ என்னப் பத்தி நல்லதா ஒண்ணு சொன்னா. அதுக்கே பொண்ணு குடுத்துட்டாங்க." உடனே என் பக்கம் திரும்பி, "அப்பிடி இன்னாதான்மா சொன்ன?" என்பார்.

நானும் அத்தையும் ஒருவரையொருவர் பார்க்க மாட்டோம். விஷயம் தெரிந்த கொழுந்தன் மனைவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு கொடியிலிருந்து துணி எடுக்க ஓடிவிடுவாள். எங்கள் வீட்டில் துணி பாதி ஈரத்திலேயே மடிக்கப்படுவது இப்படித்தான்.