கடலில் ஊறவைத்த கொடி

சட்டப் படிப்பில் பாதியை முடித்திருந்த என்னை யாராவது ஓர் அறையில் போட்டுப் பூட்டியிருக்க வேண்டும். பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல் பக்கத்திலேயே இருந்தும் ஒருவரும் அதைச் செய்யவில்லை. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

எண்பதுகளில் ஒரு விடுமுறை. கூடப் படித்த நண்பனின் அப்பா அந்தோணி, ராமேஸ்வரம் பக்கத்து மீனவர், சின்னாளப்பட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அவருக்கு இருந்தது ஒரே படகு. எல்லையில் படகுகளைப் பிடிக்கிறார்கள், எந்தக் காகிதம் கையில் இருக்க வேண்டும் என்று கேட்டார். போயும் போயும் என்னிடம்.

“காகிதம் நனைஞ்சிரும், பெட்டியில பூட்டி வைங்க. கப்பலு எந்த நாட்டுதுன்னு சொல்றது கொடிதான். சர்வதேசச் சட்டம்” என்றேன். (கடலை அதுவரை நான் பார்த்ததுகூட இல்லை.)

கொடியையும் நானே தருவதாகச் சொல்லிவிட்டேன். சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிற என் அப்பா மூன்று நிறத்தில் தயார் செய்தார்.

“ஏலே, சாயம் இன்னும் பிடிக்கல. உப்புத் தண்ணியில ஊறட்டும். நாளைக்குக் குடுப்போம்” என்றார். சாயம் நிற்க, புதுச் சேலையை உப்புத் தண்ணீரில் ஊறவைப்பது எங்கள் ஊர் வழக்கம்.

அந்தோணிக்கு அன்றைக்கே பஸ். “கடல்ல அம்புட்டும் உப்புத் தண்ணிதானப்பா? அங்க தானா ஊறிக்கிரும்” என்றேன். படித்தவன் சொல்கிறான் என்று அப்பாவும் விட்டுவிட்டார்.

பத்தே நாளில் படகு பிடிபட்டது. அலை அடித்து அடித்துக் கொடி முழுக்க ஒரே அழுக்கு நிறம். இது எந்த நாட்டுக் கொடி என்று ரோந்துக்காரர்கள் கேட்டார்களாம். பதிவுப் பத்திரம் எங்கே என்றார்களாம். அது வீட்டில், பெட்டியில். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத படகு என்று எழுதிக்கொண்டார்கள்.

அப்புறம்தான் சட்டப் புத்தகத்தில், கொடியைப் பற்றிய வரிக்கு அடுத்த வரியைப் படித்தேன். கொடியைப் பறக்கவிடும் உரிமைக்கு அரசு தரும் பத்திரம்தான் சாட்சியாம். ஒரே ஒரு வரி. படித்துத் தொலைத்தேனா மடையன்?

ஆட்களை ஒரு மாதத்தில் அனுப்பினார்கள். படகுக்காக நான் மனு மேல் மனு எழுதினேன். இந்த அலுவலகம் அந்த அலுவலகத்தைக் கை காட்டியது. எட்டு மாதம் கழித்துப் படகை விட்டபோது பலகை உளுத்து, இன்ஜினும் வலையும் காணாமல் போயிருந்தன. பிடிக்கத் தெரிந்த மகராசன்களுக்கு ஒரு தார்ப்பாய் போட்டு மூடத் தெரியாதா?

அந்தோணி என்னைத் திட்டவில்லை. “தம்பி, கொடிய மட்டும் பத்திரமா குடுத்துட்டாக” என்று மடித்து நீட்டினார்.

இன்றும் வீட்டில் துணி சாயம் போனால் என் மனைவி, “ஏங்க வக்கீலய்யா, கடல்ல ஊறவைக்கலையா?” என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். அந்தோணி கடைசிவரை அடுத்தவர் படகில் கூலிக்குத்தான் போனார் என்று சொன்னால் சிரிப்பு நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன்.