மிளகில் எழுதிய பாடம்

பலா மரத்துக் கிளையில் பூங்குழலி ஏறி உட்கார்ந்திருந்தாள். கீழே அவள் அப்பன் குழந்தைசாமி எழுத்து அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான், கடைசி பஸ்ஸைக் கை காட்டி நிறுத்துகிறவன் மாதிரி.

"எறங்கி வா சாமி. இன்னும் நாலே வரிதான்."

"மாட்டேன்."

தப்பு முழுக்க அவன் வாயுடையது. போன வாரம் சோளக்காட்டுச் சந்தையில், மிளகு வியாபாரி ஜாபர் உசேன் தன் மகள் சித்திகா பஸ் போர்டெல்லாம் படிப்பதாகச் சொன்னார். சும்மா இருந்திருக்கலாம். என் மகள் பேப்பரே படிப்பாள் என்று அளந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மிளகு பார்க்க வரும்போது கேட்கிறேன் என்றுவிட்டார் பாய். இன்றைக்கு ஞாயிறு. பேப்பர் கிடக்கட்டும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு வார்த்தை படித்துக்கூட அவன் பார்த்ததில்லை.

பிள்ளையை விட்டுவிட்டு வாசலில் தார்ப்பாயில் காயும் மிளகைக் கிளறும்படி அவன் பெண்டாட்டி கோகிலா காலையிலேயே சொன்னாள். கல்யாணம் ஆனதிலிருந்து சொல்கிறாள். பிள்ளைக்கு வாத்தியார் வேலை பார்க்கிறவன் மிளகு கிளறுவானா என்று கேட்டுவிட்டான்.

பாய் வந்தார். பிள்ளை கிளையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். குழந்தைசாமி அட்டையை இன்னும் உயரத் தூக்கினான்.

"ஏனுங்க, அந்த அட்டைய மடிச்சு வைங்க," என்றாள் கோகிலா. "கண்ணு, மாமாவுக்கு எழுதிக் காட்டு வா."

சரசரவென்று இறங்கி வந்து தார்ப்பாய் ஓரம் குந்தினாள் பூங்குழலி. விரலால் மிளகை விலக்க, விலகின இடத்தில் தார்ப்பாயின் நீலம் எழுத்தாகத் தெரிந்தது. அம்மாவுக்கும் மகளுக்கும் தினமும் இதுதான் வேலையாம். ஒரு வார்த்தை எழுதுவது, படிப்பது, கிளறி அழிப்பது, அடுத்ததை எழுதுவது. படிப்பும் ஏறியது, மிளகும் காய்ந்தது. அந்நேரம் அவன் டீக்கடையில் பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பான்.

பூங்குழலி எழுத்தைத் தொட்டுத் தொட்டுப் படித்தாள்.

"அப்பா கிளறுங்க."

சித்திகா படிப்பாளே தவிர, சொந்தமாக இப்படி எழுதமாட்டாள் என்று பாய் ஒப்புக்கொண்டார். குழந்தைசாமியின் மார்பு தார்ப்பாய் அகலத்துக்கு விரிந்தது.

"இத்தன வருசமா வாயில சொன்னேன். இப்ப எழுதியே குடுத்தாச்சுங்க," என்று கிளறுகிற கட்டையை அவன் கையில் திணித்தாள் கோகிலா.

அடி மிளகு ஈரமாகக் கிடக்கிறது, பூசணம் பிடித்தால் எடுக்கமாட்டேன் என்று பாயும் சொல்லிப்பார்த்தார்.

குழந்தைசாமி கட்டையை வாங்கிக்கொண்டான். மகள் எழுதியதை இன்னொரு தரம் படித்தான். எழுத்தின் மேலே நடக்க வந்த கோழியை அந்தக் கட்டையாலேயே விரட்டினான். பொழுது சாயும் வரை காவல் நின்றான்.

மிளகை மட்டும் கிளறவில்லை.